பேச்சுக்கு வரிசை வைத்தவன்

நல்லான்குளத்தில் காற்று குறுகிப்போனது ஒரு புரட்டாசி மாதத்தில். அதற்கு முன்னாலும் அந்த ஊரில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை, பேச்சு போகிற பாதைக்குத்தான் பஞ்சம். மொட்டைப்பாறை உச்சியில் நின்ற ஒற்றை டவர், தாலுகா ஊரிலிருந்து கம்பியில்லாமல் வந்த ஒற்றை லிங்க்கை வாங்கி ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தது, அதில் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் போகும். சாயங்காலமானால் மேலத்தெருவில் துபாய்க்கும் பெங்களூருக்கும் வீடியோ கால் போட்டுப் பேரப்பிள்ளையின் புதுப் பல்லைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள், இளவட்டங்கள் சினிமா இறக்குவார்கள், அந்த நேரம் பார்த்துக் கீழத்தெருவில் ஒருத்தி திருப்பூரில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டால் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும், மீதியை மகளேதான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அந்த லிங்க்கைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி வைத்திருந்த ஆள் சுடலைமணி. கீழத்தெருவில் பிறந்து, டிப்ளமா படித்து, பஜாரில் தனி வீடு பிடித்துக் குடியேறியவன். அவன்தான் டவர்ப் பெட்டியில் ஒரு வரிசை வைத்தான்: குரல் முதலில், வீடியோ அடுத்து, மற்றதெல்லாம் மிஞ்சின இடத்தில். டீக்கடையில் நின்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் அதை விளக்கிச் சொன்னான்.

"சினிமா அரை மணி பிந்தி இறங்கினா ஒண்ணும் குடிமுழுகிப் போவாது அண்ணாச்சி. பேச்சு ஒரு நொடி பிந்தினாலும் பேசுதவனுக்கும் கேக்குதவனுக்கும் சண்டை வந்துரும். எது பொறுக்காதோ அது முன்னால போவணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

மேலத்தெரு ஆள் ஒருவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டால் சுடலைமணிக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம். அப்படி ஓர் ஆசை அவனுக்கு. ஊரில் அது புதிய ஆசையும் இல்லை.

அந்தப் புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதே டீக்கடையில் ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தபோது எல்லார் பேச்சும் துண்டு துண்டாக உடைந்தது. போனில் இல்லை, வாயிலேயே. உதடு அசைந்தது, வார்த்தையில் பாதி வந்தது, மீதி எங்கோ நின்றுகொண்டது. டீ மாஸ்டர் "சீனி போடவா" என்று கேட்டது, எல்லாரும் குடித்து முடித்து எழுந்து போன பிறகு, யாருமில்லாத பெஞ்சுகளுக்கு மேலே வந்து ஒலித்தது. யாரும் வியந்து வாயைப் பிளக்கவில்லை. கோளாறு என்றால் கம்ப்ளெயின்ட் கொடுக்க வேண்டியதுதானே என்று சுடலைமணிக்குப் போன் போட்டார்கள்.

அவன் பாறை ஏறிப் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து, "பெட்டியில ஒண்ணும் இல்ல, காத்துலதான் கோளாறு" என்றான்.

"காத்தும் உங்க கம்பெனி காத்துதானவே. பாரும்" என்றார்கள்.

ஊர் என்பது எதையும் செரித்துவிடும் வயிறு. பத்துப் பேர் பேசினால் ஒருவர் பேச்சும் உருப்படியாக வராது என்று தெரிந்ததும் ஜனங்கள் இடம் பார்த்துப் பேசப் பழகினார்கள், வண்டி வராத நேரம் பார்த்து ரோட்டைக் கடக்கிற மாதிரி. மாமியாரும் மருமகளும் சண்டையை முறை வைத்துப் போட்டார்கள், காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி. கருவாடு வாங்கி வரச் சொன்ன சொல் கணவன் ரசம் விட்டுச் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு வந்தது. திட்டினவன் மறந்துபோன கெட்ட வார்த்தை மறுநாள் அவன் சாமி கும்பிடும்போது வந்து தலைக்கு மேலே நின்றது. மீன்காரர் கூவுவதை விட்டுவிட்டு மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனார். கோயில் மைக்கில் ஒரு பாட்டுப் போட்டால் போதும், பாட்டு முடிகிற வரைக்கும் ஊர் முழுக்க ஊமை. பிந்தின பேச்செல்லாம் அதுவரை எங்கே கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்து சேர்ந்தால் சரி என்று இருந்தார்கள்.

டவர்ப் பெட்டியின் வரிசைக்குக் காற்றும் கட்டுப்படும் என்பதைச் சுடலைமணி விளையாட்டுப்போலத்தான் கண்டுபிடித்தான். சும்மா பார்ப்போமே என்று ஒருநாள் தன் தங்கை மாரிக்கனியின் பெயரைப் பெட்டியில் முதலாவதாகப் போட்டுவைத்தான். மாரிக்கனியின் புருஷன் குளத்துக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவன், மஞ்சள்காமாலையில் போய்விட்டான். மடை திறப்பதும் அடைப்பதும் கரையைச் சுற்றிவந்து பார்ப்பதும் அதன்பிறகு அவள் வேலை. அன்றைக்கு ஊரெல்லாம் திக்கித் திணற அவள் ஒருத்தி மட்டும் வெண்கல மணியாட்டம் பேசினாள். ஆட்டை வைதாள், மகளுக்குத் தலை சீவிக்கொண்டே பாட்டுப் பாடினாள், மடைக்கல்லுக்குக் கீழே மண் கரைகிறது, மழைக்கு முன்னால் வந்து பாருங்கள் என்று போகிற வருகிற பெரியவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அவள் குரல் முதலில் வந்தது என்பது மட்டும் எல்லார் காதிலும் ஏறியது.

மறுநாளே கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மேலத்தெருக்காரர்கள் உள்ளே சமுக்காளத்தில், கீழத்தெருக்காரர்கள் எப்போதும்போல வெளியே கல்விளக்குக்கு அந்தப்புறம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவர் சங்கரவடிவேல் சுடலைமணியை உள்ளே கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அவன் கைகட்டி நின்று சொன்னான்.

"பொறுக்க முடியாதது முதல்ல போவட்டும் ஐயா. பாம்பு, தீ, பிரசவ வலி, பிள்ளை அழுகை. அடுத்து நாம சாதாரணமாப் பேசுத பேச்சு. மைக்கு, பாட்டு, பிரசங்கம் இதெல்லாம் எடத்த நிறைய அடைக்கும், பிந்தி வந்தாலும் கெட்டுப்போவாது. அது கடைசி. இப்படி வச்சா இருக்க காத்து எல்லாருக்கும் போதும்."

மண்டபமே தலையாட்டியது. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ரொம்ப நல்லாச் சொன்ன தம்பி. சரி, முதல்ல யாரு?" என்றார்.

"யாருங்கது இல்ல ஐயா. எதுங்கதுதான்."

"அதத்தான் கேக்கேன். முதல்ல யாரோடது?"

அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். மறுபடியும் எல்லாரும் தலையாட்டினார்கள், மறுபடியும் யாரு என்றார்கள். பிறகு ஓய்வுபெற்ற நயினார் வாத்தியார் எழுந்து சிக்கலை அவிழ்த்துவைத்தார்.

"கோயில் கொடைத் திருவிழாவுல பரிவட்டம் கட்டுத வரிசை இருக்குல்லா? கோர்ட்டு வரைக்கும் போயித் தீர்ந்த வரிசை. அதையே பெட்டியிலயும் போட்டிருவோம். புதுசா ஒரு வெட்டுக்குத்து எதுக்கு?"

ஊருக்கு உயிர் வந்தது. முதல் மரியாதை தலைவர் வீட்டுக்கு, அடுத்து தர்மகர்த்தா வகையறா, அடுத்து வடக்குவளவு, அடுத்து தெற்குவளவு என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார்கள். கீழத்தெருவுக்குக் கொடையில் வரிசை கிடையாது, எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினால் கொடுப்பதுதான் வழக்கம். பெட்டியிலும் மிஞ்சினதற்கு என்று ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. அதைச் செய்துவைத்திருந்தவன் சுடலைமணிதான்.

அவன் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் தலைவர், "தம்பிக்கு ஒரு சேர் கொண்டாங்கடே, நின்னுக்கிட்டே இருக்கான்லா" என்றார். சேர் வந்தது. சிவப்பு பிளாஸ்டிக் சேர், ஒரு கால் லேசாக ஆடும். அந்த மண்டபத்தில் கீழத்தெருவில் பிறந்தவன் சேரில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. "பெட்டி தம்பி கையிலல்லா இருக்கு, அவன ரெண்டாவது வரிசையிலயே நம்மளோட சேத்துக்கிடுவோம்" என்றும் சொன்னார். கல்விளக்குக்கு அந்தப்புறம் நின்ற தன் தெரு ஆட்களை அவன் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை, சேர் ஆடிவிடும் என்று பயமாக இருந்தது.

இருந்தாலும் எழுந்து போகும்போது மெதுவாகக் கேட்டான். "ஐயா, ஆபத்துக் குரலுக்கு மட்டும் முன்னால ஒரு சின்ன எடம் விட்டு வைப்போமா? யாருதா இருந்தாலும்."

"விடலாம். ஆனா எல்லாப் பயலும் அய்யோ அய்யோன்னே பேச ஆரம்பிச்சுருவான் தம்பி. அப்புறம் வரிசைக்கு என்ன மரியாதை?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. சேரில் உட்கார்ந்து எழுந்தவனுக்குப் பல விஷயம் நியாயமாகப் படும். அவன் பாறை ஏறிப் போய் வரிசையைப் போட்டான்.

மறுநாள் விடியும் முன்னால், மேலத்தெரு தூங்குகிற நேரத்தில் மாரிக்கனி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இனிமேல் கீழத்தெருக்காரர்களுக்குப் பேச வாய்ப்பது அந்த நேரம்தான்.

"அண்ணே, எங்க பேச்ச எங்க கொண்டுபோயி வச்சிருக்க?"

"கடைசியில இருந்தாலும் வந்து சேந்துரும்ட்டி. ஒரு சொல்லும் காணாமப் போவாது, நான் பாத்துக்கிடுதேன். கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்."

"பிந்தினா என்ன ஆவும்னு ஊருக்கெல்லாம் நீதானண்ணே டீக்கடையில நின்னு சொன்ன?"

அவனுக்குக் கோபம் வந்தது. நான் அங்கே உட்கார்ந்தால்தான் நாளைக்கு உனக்கும் ஓர் இடம் வாங்கிக் கொடுக்க முடியும், ஒன்றும் தெரியாமல் பேசாதே என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதற்குள் மேலத்தெருவில் யாரோ எழுந்து கொட்டாவி விட்டுப் பேச ஆரம்பிக்க, அவன் சொன்ன பதில்தான் அவளுக்குக் கேட்டது, அவள் அதற்குப் பிறகு சொன்னது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

தலைவருக்கு வாழ்நாளில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை. முதல் இடம் கிடைத்ததும் எங்கிருந்துதான் ஊறியதோ, காலையில் காபி சூடில்லை என்பதில் ஆரம்பித்துத் தன் அப்பாவின் குதிரை வண்டி வரைக்கும் பேசினார், பேசாவிட்டால் இடம் வீணாகிறதே என்று பேசினார். அவர் மூச்சு வாங்கும்போது தர்மகர்த்தா பேசினார், தர்மகர்த்தா வெற்றிலை போடும்போது வடக்குவளவு பேசியது. கீழத்தெருவில் பிறந்த பிள்ளை மத்தியானப் பசிக்கு அழுதது மறுநாள் விடியலில் கேட்டது, அப்போது பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியவர்கள் தலைவர் வீட்டுப் பின்வாசலில் போய் நின்று சைகையில் கெஞ்சினார்கள், மனசு வைத்தால் அவர் தன் வாயால் அதைச் சொல்லிக் கொடுப்பார். அந்தத் தர்மத்தையும் மறுநாள் ஒரு மணி நேரம் சொல்லிக்காட்டுவார்.

ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. கார்த்திகை பிறந்ததும் குளம் நிறைந்து, மிஞ்சின தண்ணீர் மறுகால் பாய்ந்தது. பல வருஷத்துக்குப் பிறகு பாய்கிறது என்று கொண்டாட்டம் வைத்தார்கள். கிடா வெட்டி, பொங்கலிட்டு, மண்டபத்தில் மைக் கட்டி, வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் பார்க்கும்படி வீடியோவில் நேரலையும் ஏற்பாடு செய்து, தலைவர் பேச நின்றார். நேரலையைக் கவனித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலேயே தன் சேரில் உட்கார்ந்திருந்தான் சுடலைமணி. முதல் வரிசைக் குரல், அதுவும் மைக்கில், அதுவும் வீடியோவோடு. வேறெந்தச் சத்தத்துக்கும் அன்றைக்குக் காற்றில் ஊசி நுழைய இடமில்லை.

தலைவர் தன் தாத்தா குளத்தைத் தூர்வாரின கதையைத் தொடங்கியிருந்தபோது கல்விளக்குக்கு அந்தப்புறம் மாரிக்கனி ஓடிவந்து நின்றாள். இடுப்பு வரைக்கும் சேறு. வாயைத் திறந்து கத்தினாள், கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சத்தமும் வரவில்லை. குளத்தைக் கை நீட்டிக் காட்டினாள். அன்றைக்கு ஊரில் எல்லாரும் குளத்தைத்தான் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள், நிறைந்த குளத்தைப் பார் பார் என்று. மேடைக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்துத் தாங்களும் கையை நீட்டிக் காட்டினார்கள்.

சுடலைமணி அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். நேரம் காலம் தெரியாமல் வரிசையைப் பற்றிச் சண்டை போட வந்துவிட்டாள், அதுவும் இத்தனை பேர் முன்னால், அதுவும் நேரலையில் என்று அவனுக்கு மானம் போனது. எழுந்து பத்தடி நடந்திருந்தால் அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவன் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை உயர்த்தி, "இரு" என்று காட்டினான்.

அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு ஏதோ சொல்லி அசைந்தது. பிறகு திரும்பிக் கீழத்தெருவைப் பார்க்க ஓடினாள்.

கத்திப் பயனில்லை என்று தெரிந்தவள் கையால் செய்தாள். வீடு வீடாக நுழைந்து பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துப்போய்ப் பள்ளிக்கூட மேட்டில் விட்டாள், அடுப்பிலிருந்த சட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் பெண்களைப் பிடித்து வெளியே இழுத்தாள், கிழவர்களை முதுகில் தூக்கினாள். படுக்கையாய்க் கிடந்த ஒருவரைத் தூக்க மறுபடியும் இறங்கினபோது மடை பிடுங்கிக்கொண்டு கரை போனது. தண்ணீருக்குப் பரிவட்ட வரிசையில் இடம் கிடையாது, ஆகவே அது சத்தமில்லாமல் வந்தது. தெருவையே வாரிக்கொண்டு ஒரு குளம் போனது, மண்டபத்தில் தலைவரின் தாத்தா இன்னும் தூர்வாரிக்கொண்டிருந்தார்.

பிறகு இரங்கல் நடந்தது. இரங்கலையும் வரிசைப்படிதான் நடத்தினார்கள். தலைவர் இரங்கினார், தர்மகர்த்தா இரங்கினார், வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் காரிலிருந்து இறங்கி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இரங்கினார்கள். கீழத்தெருப் பெண்கள் சேற்றில் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள், அடிக்கிற கை தெரிந்தது, அழுகிற சத்தம் கேட்கவில்லை. மாரிக்கனியை எடுத்துப்போகும்போது அண்ணன்காரன் மட்டும் வாய்விட்டு அழுதான், அது ஊருக்கே கேட்டது. எல்லாரும் அவனைத்தான் தேற்றினார்கள். அடுத்த கூட்டத்தில் இனிமேல் ஆபத்துக் குரல் யாருடையதாக இருந்தாலும் முன்னால் போகலாம், தலைவர் பேச்சுக்கு அடுத்தபடியாக, என்று தீர்மானம் போட்டார்கள். அவன் சேரில் உட்கார்ந்திருந்து அதைக் கேட்டுவிட்டு, பாறை ஏறிப் போய் அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

வெள்ளம் போன நாளிலிருந்து மேலத்தெரு இரவிலும் வாயை மூடவில்லை, முதலில் வெள்ளக் கதை, பிறகு தலைவர் வீட்டுக் கல்யாணப் பேச்சு. தை மாதம் அந்தக் கல்யாணம் திருநெல்வேலியில் நடந்தது. மேலத்தெரு முழுக்க வேன் பிடித்துப் போனது. கம்பெனி வேலையைச் சொல்லிச் சுடலைமணி போகவில்லை. மத்தியான வெயிலில் ஊர் வெறிச்சென்று கிடந்தது, வெள்ளத்துக்குப் பிறகு முதல்முறையாகக் காற்றில் இடம் கிடந்தது. மிஞ்சின இடத்தில் நின்றிருந்த பேச்செல்லாம் அப்போது வரத் தொடங்கியது.

நின்ற வரிசையிலேயே வந்தது. உப்பு இருக்கா, ஆட்டைப் பிடிச்சுக் கட்டு, ஏட்டி இங்க வா என்று செத்தவர்களும் இருப்பவர்களும் கலந்து பேசினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு போட்டுக் கொடுத்திருந்த தகரக் கொட்டகைகளுக்கு வெளியே கீழத்தெரு ஜனங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்து கேட்டார்கள், பெண்கள் தங்கள் புருஷன் குரல் வந்தபோது எழுந்து நின்றார்கள், அது போனதும் உட்கார்ந்தார்கள். சுடலைமணி பஜாரிலிருந்து இறங்கி வந்து சற்றுத் தள்ளி நின்றான். யாரும் அவனை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அப்போது மாரிக்கனியின் குரல் வந்தது. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை, மூச்சிரைப்புகூட அப்படியே இருந்தது.

"அண்ணே! மடை பிடுங்கிட்டுப் போவுது! பேசுதத நிறுத்தச் சொல்லு! பிள்ளைய எல்லாம் வீட்டுக்குள்ள கெடக்கு! அண்ணே!"

கீழத்தெரு ஆண்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினார்கள். கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான் கரை இல்லையே என்பது நினைவுக்கு வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் காற்றில் ஒன்றுமில்லை. அவன் உள்ளங்கையை உயர்த்திக் காட்டின நேரம் அது. அதன்பிறகு தணிந்த குரலில், "சரிண்ணே, நீ இரு" என்றாள்.

பிறகு ஓடுகிற காலடியோடு ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். பெயர் சொன்ன பிள்ளைகளில் பலர் அங்கே உட்கார்ந்து தங்கள் பெயரைக் கேட்டார்கள். கடைசியில் வாயில் தண்ணீர் ஏறின குரலில் ஒரே ஒரு தடவை "அண்ணே" என்றாள்.

"இதோ வாரேன் மாரி!" என்று கத்தினான் சுடலைமணி.

இரண்டாவது வரிசைக் குரல் அல்லவா, அது ஒரு நொடிகூடப் பிந்தவில்லை.